வளைகொம்பியின் காது வில்லை

டஹபோவிடம் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போனால் அது கொடுத்தபடியே திரும்பி வரும். எங்கள் ஊரான வார் குடுத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டானா ஆற்றுப் பக்கம் மேய்ச்சலுக்குப் போகிறவர்களும், மொகதிசுவில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறவர்களும், எங்கும் போகாமலே எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர்களும் தங்கள் பெட்டியை அவளுடைய பாய்க்குடிலில்தான் வைப்பார்கள். ஒரு வறட்சிக் காலத்தில் வியாபாரி ஒருவன் சர்க்கரை மூட்டையை அங்கே விட்டுப் போனான். அவன் செத்தே போயிருப்பான் என்று ஊரே முடிவு கட்டிய பிறகு திரும்பி வந்தான். மூட்டை எறும்பு ஏறாமல் கூரைக் கழியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் பல மாதமாகச் சர்க்கரை இல்லாத டீதான் குடிக்கிறார்கள் என்பதை அன்றைக்கு அவனுக்கு ஊற்றிய டீயிலேயே தெரிந்துகொண்டான்.

எங்கள் ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைக்காவிட்டால் தூக்கம் வராது. நொண்டியை நொண்டி என்றே கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராக. டஹபோவுக்கு வைத்த பெயர் பூட்டு. அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். புருஷன் இறந்தபோது அவளிடம் மிஞ்சியது ஒரு சிறு மந்தையும் அந்தப் பெயரும் மட்டுமே. வழக்கப்படி புருஷனின் தம்பி புல்லே அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். "உன் அண்ணன்கூட இருந்த தலைவலியே இன்னும் தீரலப்பா" என்று சொல்லிவிட்டாள். ஊரே சிரித்தது. புல்லேயும் சிரித்தான், ஆனால் மறக்கவில்லை. அவன் ஆட்டு வியாபாரி. லாரி வைத்து ஆடு ஏற்றுகிறவனுக்கு ஞாபகம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

இப்படி இருந்தவளிடம்தான் கால்நடை டாக்டர் முசிலி வந்து சேர்ந்தார். கிட்டுயி பக்கத்து ஆள். எங்கள் பேச்சை லாரி டிரைவர்களிடம் கற்றுக்கொண்டவர் என்பதால் நல்ல வார்த்தைக்கு நடுவே தன்னை அறியாமல் ஒரு வசவையும் சேர்த்துவிடுவார். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் ஒரு லாரியில் இளம் வெள்ளாடுகளைக் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றின் காதிலும் எண் போட்ட மஞ்சள் வில்லை ஒன்று தொங்கியது.

"இந்த ஆடுங்க எல்லாம் கொசுக் காய்ச்சலை இதுவரைக்கும் பார்க்காத ஆடுங்கம்மா" என்றார். "தடுப்பூசி போடக்கூடாது. விக்கக்கூடாது. பால் உங்களுக்கு, குட்டியும் உங்களுக்கு. மழை பெஞ்சு ஓஞ்சதும் நான் வந்து ரத்தம் எடுத்துட்டுப் போவேன். நோய் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா, மனுஷனுக்குத் தெரியறதுக்கு முன்னாடி இதுங்க ரத்தத்துல தெரிஞ்சிடும்."

"அப்ப ஆடு யாருது?"

"ஆபீஸுது. உங்ககிட்ட அமானிதம்."

அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள் என்றதும் டஹபோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

எந்தக் காய்ச்சல் என்று அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் புத்தகத்தில் அதற்குப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று பெயர். நாங்கள் மூக்குரத்தம் என்போம். பெரிய வெள்ளம் வந்த வருஷம் கொசு மேகம்போல எழும்பி, சினை ஆடுகள் எல்லாம் ஒரே வாரத்தில் காலம் ஆகுமுன்னே குட்டி வீசி, அறுத்தவர்களும் தோலுரித்தவர்களும் ரத்தம் கக்கிச் செத்தார்கள். அந்த வருஷத்தைப் பற்றி வார் குடுத்தில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை.

மஞ்சள் வில்லைகளைப் பார்த்து முதலில் கிண்டல் செய்தவன் புல்லேதான்.

"அடையாள அட்டைக்காக நான் வருஷக்கணக்கா ஆபீஸ் வாசல்ல நிக்கறேன். உன் ஆட்டுக்கு ஒரே நாள்ல காதுலயே குத்திட்டாங்களே அண்ணி! எனக்கும் ஒண்ணு குத்தச் சொல்லேன்."

"உனக்கு வாயில குத்தச் சொல்றேன்" என்றாள் டஹபோ.

சில மழைக்காலங்கள் இப்படியே கழிந்தன. முசிலி வருவார், ஆட்டின் கழுத்தில் ஊசி ஏற்றுவார், ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போவார். பிறகு போனில் "எல்லாம் சுத்தம்" என்பார். டஹபோவும் அந்த ஆடுகளைத் தன் ஆடுகளைவிட ஒரு படி மேலாகவே பார்த்துக்கொண்டாள். கழுதைப்புலி வரும் பக்கம் தன் ஆடுகள், உள்பக்கம் ஆபீஸ் ஆடுகள்.

குளத்தில் தண்ணீர் வற்றிக்கிடந்த ஒரு கோடையில் வில்லை ஆடு ஒன்று சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்டது. இழுத்தபோது முன்கால் இரண்டாக முறிந்தது. டஹபோ முசிலிக்குப் போன் போட்டாள். கிடைக்கவில்லை. மரத்தடியில், மேட்டில், கழுதை முதுகில் ஏறி நின்றுகூடப் போட்டுப் பார்த்தாள். அவர் எங்கோ சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தார். ஆடு வாயில் நுரை தள்ள ஆரம்பித்தது. முறைப்படி அறுக்காமல் உயிர் போய்விட்டால் அது செத்த பிணம், யாருக்கும் ஆகாது. அமானிதமாக வந்த ஆட்டைப் பிணமாக விடுவதைப் போல ஒரு துரோகம் உண்டா? புல்லேயைக் கூப்பிட்டாள். அவன் பிஸ்மில்லா சொல்லி அறுத்தான். இறைச்சியைப் பங்கிட்டார்கள்.

அறுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. உன்னிடம் கொடுத்த பிராணி உன் கையில் செலவாகிப் போனால், அதற்குச் சமமாக ஒன்றை நிறுத்த வேண்டும். பெயர் காப்பாற்ற நினைக்கிறவர்கள் சமமாக நிறுத்த மாட்டார்கள், மேலானதை நிறுத்துவார்கள். புதிய பிராணியின் காதில் உடையவனின் குறியைப் போட்டுவிட்டால் கணக்கு நேர். எங்கள் பாட்டன்மார்கள் காலத்திலிருந்து இதுதான் முறை, இதில் வாய்தா இல்லை.

டஹபோ தன் மந்தையிலிருந்து வளைகொம்பியை எடுத்தாள். ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் அக்கா சீதனமாகக் கொடுத்த ஆடு அது. அங்கே ஒரு மழைக்குப் பிறகு அக்காவின் தொழுவமே காலியானபோது, குட்டியாக இருந்த இது மட்டும் சுருண்டு கிடந்து, பிறகு எழுந்து நின்றது. அதற்குப் பின் ஒரு நாள் தும்மியதுகூட இல்லை. மடி நிறையப் பால். ஈன்றால் இரட்டைக் குட்டி. இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்கிறோம் என்ற திருப்தியோடு, பாய் தைக்கும் ஊசியைச் சுட வைத்து அதன் காதில் ஓட்டை போட்டு, செத்த ஆட்டின் மஞ்சள் வில்லையை மாட்டினாள்.

எங்கள் பக்கத்து வெள்ளாடுகள் எல்லாமே வெள்ளை, எல்லாவற்றுக்கும் கறுப்பு மூக்கு. மேய்ப்பவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம். முசிலிக்கு எல்லாம் ஒரே முகம். அவர் வில்லையைத்தான் பார்ப்பார்.

பிறகு மழை வந்தது. சாதாரண மழை இல்லை. குளம் நிறைந்து, நிறைந்த குளம் வழிந்து, வழிந்தது காட்டுக்குள் போய் ஒவ்வொரு பள்ளத்திலும் தேங்கியது. பிறகு கொசு. டீ ஊற்றினால் குடிப்பதற்குள் அதில் மிதக்கும். ஊர்ப் பெரியவர் தெகோவ் வானத்தைப் பார்த்துவிட்டு, புல் கொஞ்சம் எழும்பியதும் எல்லோரும் மணல்மேட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்றார். மேட்டில் காற்றடிக்கும், கொசு நிற்காது. சினை ஆடுகளை வைத்துக்கொண்டு பள்ளத்தில் கிடக்க அந்தப் பழைய வெள்ளத்தைக் கண்ட யாருக்கும் துணிவில்லை. டஹபோ பாய்களைச் சுருட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குள் முசிலி சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவசர அவசரமாக ரத்தம் எடுத்துப் போனார். கொஞ்ச நாளில் போன் வந்தது. அவர் குரல் வழக்கமாக இல்லை.

"அம்மா, ஒரு ஆட்டு ரத்தத்துல தெரியுது."

"என்ன தெரியுது?"

"நோயைத் தெரிஞ்ச ரத்தம். போன தடவை அதே வில்லை சுத்தமா இருந்துச்சு. நீங்க யாரும் மந்தையை நகர்த்தாதீங்க. பச்சைப் பால் குடிக்காதீங்க. நான் மேல சொல்லிட்டேன்."

அவர் சொன்ன எண் வளைகொம்பியின் காதில் இருந்தது.

டஹபோ போனைக் கையில் பிடித்தபடி வளைகொம்பியைப் பார்த்தாள். அது பக்கத்து வீட்டுக்காரியின் பாயைத் தின்றுகொண்டிருந்தது. மூக்கைத் தடவினாள், ஈரம் மட்டும்தான். வாயைத் திறந்து பார்த்தாள். வாலைத் தூக்கிப் பார்த்தாள். அந்த மந்தையில் இதைவிட நல்ல உடம்போடு ஒரு பிராணி கிடையாது, அவளையும் சேர்த்து.

மறுநாளே சந்தை மூடப்பட்டது. ஹஜ்ஜுக்கு அனுப்ப ஆடு பிடித்து வைத்திருந்த லாரிகள் எல்லாம் நின்றன. புல்லேயின் லாரி பாதி ஏற்றிய நிலையில் நின்றது. இதைவிடப் பெரிய இடி மேட்டிலிருந்து விழுந்தது. மணல்மேட்டில் இருக்கிற ஆட்கள் வேறு குலம். வழக்கமாக நாங்கள் ஏறினால் டீ போட்டுக் கொடுப்பவர்கள். இப்போது கம்பை எடுத்துக்கொண்டு வழியில் நின்றார்கள். "நோய் ஆட்டை வச்சுக்கிட்டு இங்க ஏறாதீங்க. உங்க பூட்டோட ஆட்டுலதான் நோய் இருக்காமே, டாக்டரே சொல்லிட்டாராமே" என்றார்கள். மூட்டை கட்டிய ஒட்டகங்கள் பாதி வழியில் திரும்பின. வார் குடுத்து முழுவதும் கொசுவுக்கு நடுவிலேயே உட்கார வேண்டியதாயிற்று.

புல்லே டஹபோவின் குடில் வாசலில் வந்து நின்றான்.

"இவ்வளவு நாள் அடுத்தவன் பெட்டியைப் பூட்டினே. இப்ப ஊர் சந்தையையே பூட்டிட்டே. ரொம்ப சந்தோஷம் அண்ணி."

"நான் என்னடா பண்ணேன்? ஆட்டைப் பாரு. நோய் இருக்கற மாதிரியா இருக்கு?"

புல்லே ஆட்டைப் பார்த்தான். அவன் ஆடு பார்த்தே பிழைக்கிறவன். சுற்றிச் சுற்றி வந்தான். "இதுக்கு நோய்னா எனக்கும் நோய்தான்" என்று முனகினான். பிறகு கோபத்தைத் தொடர முடியாமல், போகவும் மனமில்லாமல், அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

அந்த நாட்களில் ஊருக்கே புத்தி பேதலித்துப் போயிருந்தது. நோய் இருக்கிறதா, இல்லையா? ஓர் ஆடு தும்மினால் நான்கு பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தியின் ஆடு குட்டி வீசியது, உடனே அழுகை. மற்றோர் ஆடு முட்டியதால் விழுந்தது என்று பிறகு தெரிந்தது, உடனே சிரிப்பு. அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றது. கொசுக்கடியைச் சொறிந்து ரத்தம் வந்தவன் எல்லாம் மூக்கைத் துடைத்துப் பார்த்தான். பச்சைப் பால் குடிக்க வேண்டாம் என்றார் டாக்டர், ஆனால் விறகு எல்லாம் ஈரம். காய்ச்சாமல் குடித்தவர்கள் மறைவாகக் குடித்தார்கள்.

டஹபோவுக்குத் தன் கண்ணிலேயே நம்பிக்கை போய்விட்டது. கண் நல்ல ஆடு என்கிறது, டாக்டர் நோய் என்கிறார், மேட்டுக்காரன் கம்பெடுக்கிறான். இதில் எது பொய்? இதைவிட அவளை வாட்டியது வேறொன்று. ஒருத்தி வந்து, மகனுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லித் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்து இன்னொருவர். எல்லோரும் முகம் பார்க்காமல் எடுத்துப் போனார்கள். பெட்டிகள் இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் நிறம் மாறி இருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் பாயை விரித்து மூடினாள். என் பெயர் போச்சு என்று வாய்விட்டே அழுதாள்.

முசிலி இரண்டாம் முறை ரத்தம் எடுக்க வந்தார். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு வந்ததில் பாதி ஊர் பயந்தே போனது. வளைகொம்பியைப் பிடித்தபோது அதன் பல்லைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"இந்த நம்பர் ஆட்டுக்கு இவ்வளவு வயசு ஆகலையே. பல்லு எல்லாம் முழுசா முளைச்சிருக்கு?"

"பழசு கால் ஒடிஞ்சு போச்சு டாக்டர். அதுக்குப் பதிலா இதை நிறுத்தியிருக்கேன்" என்றாள் டஹபோ. மறைக்கவேண்டிய ஒன்றைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "உங்க ஆட்டைவிட நல்ல ஆடு. ஆத்து முகத்துல இருக்கற அக்கா கொடுத்தது. அங்க எல்லாம் செத்தப்போ இது ஒண்ணுதான் பிழைச்சுது."

முசிலி ஊசியை வைத்துவிட்டு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தார். லாரி டிரைவர்களிடம் கற்றதில் மிக மோசமான வார்த்தை ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது. இந்த முறை தெரிந்துதான் வந்தது.

"வேற ஆடாம்மா?"

"வேற இல்ல. நல்ல ஆடு."

"வில்லையை நீங்களே மாத்தினீங்களா?"

"உங்க குறி போடாம எப்படி விடறது? அப்புறம் அது என் ஆடு ஆயிடாதா?"

கூட்டம் கூடிவிட்டது. பெரியவர் தெகோவ் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து முழுக்கதையையும் கேட்டார். கேட்டுவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"டஹபோ செஞ்சது சரி. ஒண்ணுக்கு ஒண்ணு நிறுத்தியிருக்கா, அதுவும் மேலானதா. அறுத்ததுக்கு சாட்சி இருக்கு. வல்லாஹி, அல்லா மேல ஆணை, இதுல குத்தம் சொல்ல ஆபீஸுக்கு உரிமை இல்ல."

"குத்தம் சொல்லல பெரியவரே" என்றார் முசிலி. தலையைப் பிடித்துக்கொண்டார். "வல்லாஹி, நான் யாரையும் குத்தம் சொல்லல. எனக்கு ஆடு முக்கியம் இல்ல. நோயைப் பார்க்காத ரத்தம்தான் முக்கியம். நீங்க மணல்ல தடம் பார்க்கறீங்கல்ல? முதல் சோதனை, தடம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும். இன்னைக்குத் தடமா, ரொம்ப நாளைக்கு முந்தின தடமான்னு சொல்லாது. அதுக்கு நைரோபியில இன்னொரு சோதனை இருக்கு. இந்த ஆட்டுல இருக்கறது ஆத்து முகத்துல விழுந்த பழைய தடமாத்தான் இருக்கணும். இங்க விழுந்தது இல்ல. வில்லை பழைய ஆட்டோடதுங்கறதால நான் புதுத் தடம்னு நினைச்சேன்."

"அப்ப நோய் வரல?" என்று புல்லே எழுந்தான்.

"இந்த ஆடு சொல்றதை வச்சுப் பார்த்தா வரல."

"வேற ஆடு சொன்னா?"

"அதுக்குத்தான் மத்ததுங்க ரத்தத்தையும் திரும்ப எடுத்துட்டுப் போறேன்."

புல்லே கூட்டத்தைப் பார்த்தான். "எல்லாரும் கேட்டுக்கங்க. நோய் வரல, ஆனா வரலன்னு சொல்ல முடியாது. சந்தை திறக்கலாம், ஆனா திறக்கக் கூடாது. நாம மேட்டுக்குப் போலாம், ஆனா விடமாட்டாங்க. இவ்வளவையும் பண்ணது யாரு? தப்பே பண்ணாத ஒருத்தி!"

டஹபோவுக்குத் தலை சுற்றியது. பெரியவர் சரி என்கிறார். டாக்டர் சரி இல்லை என்கிறார், ஆனால் குற்றமும் இல்லை என்கிறார். சரியும் இல்லாமல் குற்றமும் இல்லாமல் ஒரு காரியம் எப்படி இருக்க முடியும்? இருப்பதிலேயே நல்லதைக் கொடுத்தேனே, நோஞ்சான் ஆட்டைக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதே என்று அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

முசிலி வளைகொம்பியின் காதிலிருந்து வில்லையை வெட்டி எடுத்தார்.

"இது இனிமே உங்க ஆடும்மா."

"என்னுது எப்படி? கொடுத்துட்டேனே."

"ஆபீஸ் இதை எடுத்துக்காது."

"நான் கொடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டேன்."

அப்படியாக வளைகொம்பி யாருடைய ஆடும் இல்லை என்று ஆனது. மற்ற வில்லை ஆடுகளை வேறு ஆளிடம் மாற்றிவிடப் போவதாக முசிலி சங்கடத்தோடு சொன்னார். நகர்த்தத் தடை இருப்பதால் இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். டஹபோ தலையை மட்டும் ஆட்டினாள். அன்றிலிருந்து வளைகொம்பியின் பாலைத் தனியாகக் கறந்து காய்ச்சி, வழிப்போக்கர்களுக்குக் கொடுத்தாள். தான் ஒரு மடக்குக் குடிக்கவில்லை. வழிப்போக்கர் இல்லாத நாளில் தரையில் ஊற்றினாள். ஊற்றும்போது புல்லே பார்த்துவிட்டு, "பைத்தியம்" என்றான். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நைரோபியிலிருந்து பதில் வந்தது. வளைகொம்பியிடம் இருந்தது பழைய தடம்தான். ஆனால் முதல் முறை சுத்தமாக இருந்த வேறு சில வில்லை ஆடுகளின் ரத்தத்தில் இப்போது புதிய தடம் விழுந்திருந்தது. நோய் வந்தே விட்டது.

போனில் முசிலி சொல்லி முடித்ததும் டஹபோ கேட்டாள். "அப்ப வளைகொம்பி சொன்னது உண்மையா?"

"இல்லம்மா. அது சொன்னப்போ நோய் இல்ல."

"ஆனா வந்துடுச்சே."

"அப்புறம் வந்துச்சு."

"அது சொல்லாம இருந்திருந்தா?"

"இவ்வளவு சீக்கிரம் நான் ரெண்டாவது தடவை வந்திருக்க மாட்டேன். சந்தை திறந்திருக்கும். லாரி எல்லாம் இந்த ஆட்டோட ஊர் ஊராப் போயிருக்கும். எத்தனை பேர் கையில ரத்தம் பட்டிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு." பிறகு அவரே சொன்னார். "நீங்களும் மேட்டுக்குப் போயிருப்பீங்க."

அவர் மனசு வைத்திருந்தால் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நேர்மையான ஆள், சொல்லிவிட்டார்.

அடுத்த நாட்களில் வார் குடுத்தின் சினை ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டி வீசின. தொழுவத்து முள்வேலி ஓரமெல்லாம் ஈரமான சின்னச் சின்ன உடம்புகள். வில்லை ஆடுகளும் தப்பவில்லை. கையில் பை மாட்டிக்கொள்ளுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள் என்று முசிலி ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். ஈன முடியாமல் கத்துகிற ஆட்டின் முன்னால் பையைத் தேடிக்கொண்டு யார் நிற்பது? புல்லே வெறுங்கையால்தான் இழுத்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கரிசா ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். வந்தபோது இடது கண்ணில் பார்வை பனி படர்ந்த மாதிரி ஆகியிருந்தது. டாக்டர்கள் அது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்களாம். இறங்கிய அன்றே ஊர் அவனுக்கு ஒற்றைக்கண் என்று பெயர் வைத்துவிட்டது.

அவன் நேராக டஹபோவிடம்தான் வந்தான். கையில் அவனுடைய தகரப் பெட்டி இருந்தது. அவள் எழுந்து நின்றாள். அடிக்கப் போகிறானா, திட்டப் போகிறானா, எதற்கும் தயாராகத்தான் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிச்சேன் அண்ணி. உன்னாலதான் என் லாரி நின்னுச்சு. போயிருந்தா என் டிரைவர், ஆடு இறக்கறவன், அறுக்கறவன்னு எத்தனை பேரோ! அப்படிப் பார்த்தா உன் கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்கணும். உன்னாலதான் மேட்டுக்கும் ஏற முடியல. அப்படிப் பார்த்தா என் கண்ணை நீதான் எடுத்துட்டே. எந்தப் பக்கம் யோசிச்சாலும் பாதி வழியில நிக்குது. எனக்குப் படிப்பு இல்ல. நீயே சொல்லு, திட்டட்டுமா?"

"எனக்குத் தெரியலடா" என்றாள். சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டாள். "வல்லாஹி எனக்குத் தெரியல. தெரிஞ்சா நானே என்னைத் திட்டிக்கிட்டு நிம்மதியா இருப்பேன்."

புல்லே பெட்டியை அவள் குடிலின் உள்ளே, நிறம் மாறிய தரையில் வைத்தான். "நாளைக்குக் கண்ணுக்கு மருந்து வாங்க மறுபடி கரிசா போறேன். இது இங்க இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நிலைக்கழியில் இடித்துக்கொண்டு வெளியே போனான்.

அந்த வாரம்தான் வளைகொம்பி ஈன்றது. ஊரில் ஒரு குட்டிகூட உயிரோடு விழாத நாட்கள் அவை. நோயை ஏற்கெனவே கண்டு தேறியிருந்த வளைகொம்பிக்கு மட்டும் இரண்டு பெட்டைகள், காதெல்லாம் விறைத்து, உடனே எழுந்து நின்றன. பெண்கள் வந்து பார்த்தார்கள். தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும் ஒரு குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள், அவளுடைய மந்தை முழுவதும் போயிருந்தது.

மழை ஓய்ந்து, கொசு அடங்கி, தடை எடுத்த பிறகு முசிலி லாரியோடு வந்தார். மிஞ்சிய வில்லை ஆடுகளை ஏற்றினார். டஹபோ ஒவ்வொன்றையும் அவளே பிடித்துக் கொடுத்தாள். ஏற்றி முடித்த பிறகும் அவர் போகாமல் நின்றார். வளைகொம்பியின் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு யோசனை. இப்ப இதுங்க ரத்தத்துலயும் தாயோட தடம் இருக்கும். தாய்ப்பால்ல வந்தது. கொஞ்ச மாசத்துல அழிஞ்சுடும். அப்புறம் ரெண்டும் சுத்தம். நான் வந்து வில்லை போடறேன். இங்கயே இருக்கட்டும், உங்ககிட்டயே. ஆபீஸ்ல பேசிட்டேன். உங்களை மாதிரி ஆள் எனக்குக் கிடைக்க மாட்டாங்க."

கூட்டத்தில் பெரியவர் தெகோவ் திருப்தியாக இருமினார். போன பெயர் லாரி ஏறித் திரும்பி வந்த மாதிரிதான். எல்லோரும் டஹபோவைப் பார்த்தார்கள்.

அவள் ஒரு குட்டியின் முன்காலைப் பிடித்துத் தடவினாள்.

"இது கால் ஒடிஞ்சா?"

"எனக்குப் போன் பண்ணணும்."

"உங்களுக்குப் போன் போகலன்னா?"

"போற வரைக்கும் வச்சிருங்க."

"அதுக்குள்ள உயிர் போச்சுன்னா?"

முசிலி தயங்கினார். "போகட்டும்மா. அப்படியே விட்டுடுங்க. வேற ஆட்டை நிறுத்தாதீங்க. ஒண்ணு குறைஞ்சா குறைஞ்சதாவே இருக்கணும்."

"என்கிட்ட கொடுத்தது என் கண்ணு முன்னாடி சாகும். நான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். பதிலுக்கு ஒண்ணும் கொடுக்கக் கூடாது. அதுதான் உங்க அமானிதமா?"

"ஆமாம்மா."

டஹபோ குட்டியின் காலை விட்டாள். யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதவள் அவள். சர்க்கரை மூட்டையை வாங்கினவள், செத்தவர்களின் பெட்டியை வாங்கினவள், புல்லேயின் தகரப் பெட்டியைக்கூட வாங்கி வைத்திருக்கிறவள்.

"அப்ப வேற ஆளைப் பாருங்க டாக்டர்" என்றாள். "உங்க மேல கோபம் இல்ல. நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும். அதை என்னால செய்ய முடியாது."

முசிலி வற்புறுத்தவில்லை. லாரியில் ஏறப் போனவரை அவளே நிறுத்தினாள்.

"நாலு பேர் முன்னாடி சொல்லிட்டுப் போங்க. வளைகொம்பி யாருது?"

"உங்களுதும்மா. எப்பவும் உங்களுதுதான்."

"குட்டிங்க?"

"உங்களுது."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று தெகோவைப் பார்த்தாள். அவர் கம்பைத் தட்டினார்.

லாரி போன பிறகு, பெட்டைக் குட்டிகளில் ஒன்றைத் தூக்கிப் போய், மந்தை இழந்த அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள். திரும்பி வந்து வளைகொம்பியைக் கறந்தாள். அடுப்பில் பொங்கும் வரை காய்ச்சினாள். ஆறவைத்து, அந்த மழைக்குப் பிறகு முதல் முறையாக ஒரு குவளை தனக்கென்று ஊற்றிக்கொண்டாள். புல்லே வாசலில் உட்கார்ந்து, நல்ல கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?" என்றான்.

பால் நன்றாகத்தான் இருந்தது. ஒரு முறை கொடுத்துவிட்ட ஆட்டினுடையது என்பதால் அவளுக்குத்தான் இறங்கவில்லை. குவளையை அவன் கையில் கொடுத்தாள்.